ஐ-கேஸும் ஒரு முழம் மல்லியும்

நான் பிறந்து வளர்ந்த விருதுநகர் பக்கத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் செய்வார்கள். எனக்குக் கிடைத்த வேலையோ நெருப்பை அணைக்கிற சரக்கு செய்யும் கம்பெனியில். "அங்கிட்டுப் பத்த வச்சுட்டு இங்கிட்டு அணைக்க வந்துட்டியா?" என்று ஓசூருக்கு வந்த புதிதில் பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள். ஒரே கேள்விக்கு எத்தனை தடவைதான் பல்லைக் காட்டுவது? பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

நாங்கள் செய்த வாயுவின் முழுப்பெயர் ட்ரைஃபுளூரோ அயோடோ மீத்தேன். ஒரு கார்பன், அதைச் சுற்றி மூன்று ஃபுளூரின், ஓர் அயோடின். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும் என்பதால் பிளான்டில் எல்லோரும் ஐ-கேஸ் என்றே சொன்னோம். தொழிற்பேட்டையின் கடைசி வீதியில், கர்நாடக எல்லைக்குப் போகிற லாரிகள் திரும்பும் முனையில் இருந்தது எங்கள் கம்பெனி. மருந்துக் கம்பெனிகளுக்கு மூலப்பொருள் செய்து கொடுப்பதுதான் அதன் பிழைப்பு. ஐ-கேஸ் ஒரு சோதனை முயற்சி. நெருப்பை அணைக்க உலகமெங்கும் வைத்திருந்த பழைய ஹாலான் வாயு மேலே போய் ஓசோனைத் தின்கிறது என்று அதற்குத் தடை வந்திருந்தது. ஐ-கேஸ் அவ்வளவு தூரம் போகாது. வெயில் பட்டால் ஓரிரு நாளில் உடைந்துவிடும். அதனால் பழையதன் இடத்தில் இதை வைக்கலாம் என்று வெளிநாட்டில் யாரோ யோசிக்க, எங்கள் முதலாளிக்கும் ஆசை வந்தது.

செய்முறை கேட்பதற்கு எளிதாக இருக்கும். ட்ரைஃபுளூரோ அசிட்டிக் அமிலத்தின் சோடியம் உப்பை ஈரமே இல்லாமல் காயவைத்து, அயோடினோடு சேர்த்துச் சூடாக்க வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் வேறொரு வாயு வந்து தொலைக்கும். வருவதைக் காரநீரில் கழுவி, உலர்த்தி, நன்றாகக் குளிரவைத்துத் திரவமாக்கி சிலிண்டரில் பிடிப்பார்கள். அது சுத்தமாக இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்துச் சொல்வது என் வேலை. அதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது என்றே சொல்லலாம். காற்றைவிடக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு கனம். வெளிச்சம் பட்டால் மட்டும் அயோடின் கழன்று வந்து ரோஸ் நிறம் காட்டும். அதனால் கண்ணாடிப் பாத்திரங்களுக்கெல்லாம் கறுப்புத் துணி சுற்றி வைத்திருப்போம். ஓர் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பு எதற்கு என்று யாரோ புண்ணியவான்கள் அத்தனை துணியையும் அவிழ்த்து, கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். மறுநாள் பாத்திரத்துக்குள் இருந்ததெல்லாம் ரோஸ் மில்க் மாதிரி இருந்தது. யாரைத் திட்டுவது? பொரியை வாயில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சிலிண்டர் நிரப்பும் இடத்தில் ஓர் ஆபரேட்டர் இருந்தார். சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அந்தக் குடும்பத்தில் முதல் முதலாக யூனிஃபார்ம் போட்டு வேலைக்குப் போனவர் இவர்தான். நான் குடியிருந்த லைன் வீட்டில் அடுத்த கதவு அவருடையது. அவரை அண்ணே என்பேன். அவர் மனைவியை எங்கள் ஊர் வழக்கப்படி மதினி என்பேன். "மதினியாம் மதினி, அண்ணின்னு வாய் நெறைய சொல்லத் தெரியல" என்று மதினி சிரிப்பார். இருவரும் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள். அண்ணனின் விரல்களில் எப்போதும் அயோடின் கறை இருக்கும். அந்தக் கையோடு சோற்றைத் தொட்டால் சோறு நீலமாகும். சாப்பிட உட்காரும் முன்பு எலுமிச்சம்பழ மூடியால் மதினி அவர் விரல்களைத் தேய்த்துவிடுவார். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆனவர்கள், வாசலிலேயே உட்கார்ந்து செய்வார்கள். பார்க்கிறவர்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

ஊரில் அண்ணனின் அம்மா படுக்கையில் இருந்தார். விழுந்து இடுப்பு போனதிலிருந்து எழவில்லை. தம்பி குடும்பம் பார்த்துக்கொண்டது. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் தம்பியின் செல்போனுக்குக் கூப்பிடுவார். தம்பி மனைவி போனை அம்மாவின் காதில் வைத்துப் பிடிப்பாள். "சாப்ட்டியாம்மா?" என்று இவர் கத்துவது கேன்டீன் முழுக்கக் கேட்கும். அந்த ஒரு கேள்விதான், அந்த ஒரு பதில்தான். ஒரு நாளும் விட்டதில்லை.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். சிலிண்டரை வைத்து எடை பார்க்கும் தராசு, தரைக்குக் கீழே இடுப்பளவுப் பள்ளத்தில் இருந்தது. நிரப்பிக்கொண்டிருக்கும்போது குழாய் மூட்டில் வாஷர் விட்டுப்போய் வாயு வெளியேறிவிட்டது. கனமான வாயு, எங்கே போகும்? பள்ளத்திலேயே தங்கியது. வாசனை இருந்திருந்தால் அண்ணன் இறங்கியிருக்க மாட்டார். மூட்டில் பனி படிவதைப் பார்த்து, வால்வை மூடிவிட்டு ஏறிவிடலாம் என்று இறங்கிக் குனிந்திருக்கிறார். மூடினார், ஏறியும் வந்துவிட்டார். வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மாதிரி எடுக்க அங்கே போனபோது முகம் வெளுத்திருந்தது.

"நெஞ்சுக்குள்ள குதிக்குது பாப்பா. தவளை மாதிரி குதிக்குது" என்றார்.

 இந்த வாயுவின் ஒரு குணம் எங்கள் பாதுகாப்புத் தாளிலேயே தடித்த எழுத்தில் இருந்தது. நிறைய மூச்சில் போனால் அது இதயத்தைக் கூச்சம் பிடித்ததாக ஆக்கிவிடும். அப்போது பயமோ கோபமோ ஓட்டமோ கூடாது. அவற்றால் உடம்பில் ஊறும் அட்ரினலின் பட்டாலே துடிப்பு தாறுமாறாகி, அப்படியே நின்றுபோகலாம். ஆள் நடமாட்டமில்லாத இன்ஜின் அறைகளுக்கு மட்டும் இதை வைக்கலாம் என்று வெளிநாட்டில் முடிவு செய்ததும் இதனால்தான். எங்கள் ஐ-கேஸ் பிரிவு பின்னால் மூடப்பட்டதற்கும் இதுதான் காரணம். மனுஷன் இல்லாத இடத்து நெருப்பை அணைக்க எங்களிடம் யாரும் சரக்கு கேட்கவில்லை.

இது எதுவும் தெரியாத நாலு பேர் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து, வெளிக்காற்றுக்கு ஓட்டிக்கொண்டு போகப் பார்த்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நல்ல எண்ணம் ஆளைக் கொன்றிருக்கும். "ஓட வைக்காதீங்க, அப்படியே தூக்குங்க" என்று சொன்னேன். கத்தக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். படுக்கவைத்துத் தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவரிடம் சைரன் போடாதே என்றேன். சைரன் போடாமல் பாகலூர் சாலையில் எவன் வழி விடுவான் என்று அவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். கடைசியில் போடாமல்தான் ஓட்டினார்.

ஆஸ்பத்திரி டாக்டர் பெங்களூரிலிருந்து வந்து போகிறவர். தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். நான் கொண்டுபோன பாதுகாப்புத் தாளை நின்றபடியே படித்தார். மானிட்டரில் பச்சைக் கோடு நாலு துடிப்பு ஒழுங்காகப் போய், ஐந்தாவதில் தடுக்கி விழுந்து எழுந்தது.

"கேஸ் இந்நேரம் மூச்சுல வெளிய போயிருக்கும். அது கிளப்பி விட்டது இன்னும் அடங்கல" என்றார் டாக்டர். "நாளைக்குக் காலையில வரைக்கும் இங்கயே இருக்கட்டும். அவருக்குக் காபரி, பதட்டம் மட்டும் ஆகக் கூடாது. கெட்ட சேதி, சண்டை, அழுகை ஒண்ணும் வேணாம். புரியுதில்லா?"

புரிந்தது. அண்ணனின் சட்டை, வாட்ச், செல்போன் எல்லாவற்றையும் நர்ஸ் என்னிடம் கொடுத்திருந்தார். வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த செல்போன் அடித்தது. சிங்காரப்பேட்டையிலிருந்து தம்பி.

"அண்ணா, அம்மா போயிட்டாங்கண்ணா" என்றது குரல்.

நான் யார் என்று சொன்னேன். அண்ணன் எங்கே, எப்படி இருக்கிறார் என்பதையும் சொன்னேன்.  அவனோ, "பெரிய புள்ள கொள்ளி வெக்காம எப்படிங்க? பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்னு இங்க பெரியவங்க நிக்கறாங்க" என்றான். அவன் அழுதுகொண்டே கேட்டான்.  உள்ளே கோடு தடுக்கிக்கொண்டிருக்கிறது. அங்கே ஊரில் பெற்றவள் கிடக்கிறாள். சேதியைச் சொன்னால் மகன் இருப்பானோ மாட்டானோ. சொல்லாவிட்டால் தாய்க்கு மகன் கையால் நெருப்பு இல்லை. அண்ணி வந்து பேசுவாங்க என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

கம்பெனி ஜீப்பில் லைன் வீட்டுக்குப் போனேன். மாமியார் சேதி மதினிக்கு முன்பே வந்துவிட்டது. தலையை அவிழ்த்துப் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள். புருஷன் பிளான்டிலிருந்து வந்ததும் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "எங்க பாப்பா அவரு? சேதி சொல்லிட்டாங்களா?" என்றார்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உசுருக்கு ஒண்ணுமில்லையே?"

"பேசுறாரு மதினி. நல்லாப் பேசுறாரு. ஆனா பதறக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு. நாளைக்குக் காலையில வரைக்கும்."

 மதினி தம்பிக்குப் போன் போடச் சொன்னார். "தம்பி, உங்கண்ணன் உசுரோட வந்து கொள்ளி வெக்கணும். ஐஸ் பொட்டி கொண்டாந்து அம்மாவ வையுங்க. நாளைக்கு நாங்க வந்துடறோம். பெரியவங்க கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. எம்மேல கோவப்படட்டும்." அந்தப் பக்கம் யார் யாரோ போனைப் பிடுங்கிப் பேசினார்கள். இவர் எல்லாவற்றுக்கும் இதையே திரும்பச் சொன்னார். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

அப்புறம் எழுந்து போய் முகம் கழுவினார். தலை சீவிப் பின்னினார். நெற்றிக்குப் பொட்டு வைத்துக்கொண்டார். சைக்கிளில் பூ விற்பவர் காலையில் கொடுத்துப்போன ஒரு முழம் மல்லி தண்ணீர் தெளித்த துணியில் இருந்தது. அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். வாசலில் இருந்த பெண்களுக்கு வந்ததே கோபம். அவர்களில் ஒருத்தி ஊத்தங்கரைக்காரி, கிட்டத்தட்ட சொந்தம்.

"மாமியா பொணம் கெடக்குது, நீ பூ வெச்சுக்கினு போறியாடி?"

"தெனம் என் தலையத்தான் மொதல்ல பார்ப்பாரு அக்கா. பூ இல்லேன்னா என்னான்னு கேப்பாரு" என்றார் மதினி. ஜீப்பில் ஏறியதும் என் பக்கம் திரும்பி, "கண்ணு செவந்திருக்குதா பாரு பாப்பா" என்றார். சிவந்திருந்தது. வெங்காயம் அரிந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அவரே முடிவு செய்தார்.

அன்று மத்தியானம் அந்த அறையில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? தயிர்சாதம் பிசைந்து ஊட்டினார். பக்கத்து வீட்டுக் கோழி தங்கள் சமையலறைக்குள் புகுந்த கதையைச் சொன்னார். அண்ணன் சிரித்தார். சிரித்ததும் மதினி திரும்பி மானிட்டரைப் பார்த்தார். அந்தக் கோட்டை எப்படிப் பார்ப்பது என்று வந்ததுமே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன், "பாப்பா, போனைக் குடு. அம்மாகிட்ட பேசணும்" என்றார்.

இங்கே மெஷினுக்குப் பக்கத்தில் போன் கூடாது என்றேன். வராந்தாவுக்குப் போய் நீயே கேட்டுவிட்டு வா என்றார்.  அதற்குள் மதினி, "நான் வரும்போதே பேசிட்டேனே. கஞ்சி குடிச்சிட்டுத் தூங்கறாங்களாம். எழுப்ப வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

"முழுசாக் குடிச்சாங்களா?"

"முழுசாக் குடிச்சாங்களாம்."

அண்ணன் நிம்மதியாகக் கண்ணை மூடினார். மதினி எழுந்து பாத்ரூமுக்குப் போனார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. வெளியே வந்தபோது முகத்தில் பவுடர் இருந்தது. சாயங்காலத்துக்குள் நாலைந்து தடவை அப்படிப் போய் வந்தார். கடைசித் தடவை நர்ஸ் வந்து, "என்னம்மா, வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றார். எனக்கு யார் மேல் என்று தெரியாமல் ஆத்திரமாக வந்தது. அந்த வாயு மேல், இரண்டு ரூபாய் பெறாத வாஷர் மேல், அந்த வாயுவைச் சுத்தமென்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிற என் வேலை மேல்.

பொழுது சாய்வதற்குள் கோடு தடுக்குவது குறைந்தது. காலையில் டாக்டர் வந்து பார்த்தபோது கோடு ஒழுங்காக ஓடியது. விஷயத்தை அவரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். இப்போது சொல்லலாம், நான் நிற்கிறேன் என்றார். ஊசியோடு நர்ஸையும் நிறுத்திக்கொண்டார்.

மதினி கட்டிலோரம் உட்கார்ந்தார்.  தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், வாடிப்போன பூவை எடுத்து மேஜை மேல் வைத்தார். அண்ணன் பூவைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"எப்போ?" என்றார்.

"நேத்து காலையில. எடுக்கல. உங்களுக்காக வெச்சிருக்காங்க."

கோடு வேகமெடுத்தது. டாக்டர் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வேகம் மெதுவாக இறங்கியது. தடுக்கவில்லை. அண்ணன் வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விட்டார். "அப்ப நேத்து கஞ்சி?" என்றார். மதினி தலையைக் குனிந்துகொண்டார்.

காரை மெதுவாக ஓட்டச் சொல்லி டாக்டர் அனுப்பினார். "அழவே கூடாதுன்னு நான் சொல்ல முடியாது. ரொம்பக் கெளம்பிடாம பார்த்துக்குங்க" என்று என்னிடம் துடிப்பை அடக்கும் மாத்திரையைக் கொடுத்தார். கிருஷ்ணகிரி தாண்டும்வரை ரோடு அகலப்படுத்தும் வேலை. தூசிக்கு நடுவே எங்கள் மூன்று பேரோடும் கார் ஊர்ந்தது.

சிங்காரப்பேட்டையில் அவர்கள் வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் தோளோடு தோள் கோத்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கமும் இதே வழக்கம்தான். புதிதாக ஒருத்தி அழுதுகொண்டே வந்தால் வட்டத்தில் இரண்டு பேர் கையை அவிழ்த்து அவளை உள்ளே வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். மதினி காரிலிருந்து இறங்கியதுமே பெருங்குரல் எடுத்தார். நேற்றிலிருந்து குழாய்த் தண்ணீரில் விட்டதெல்லாம் போக மீதி இருந்தது மொத்தமும் அந்தக் குரலில் இருந்தது. ஓடிப்போய் வட்டத்தின் ஓரத்தில் விழுந்து கையை நீட்டினார்.

ஒரு கையும் அவிழவில்லை. பூ வைத்துக்கொண்டு போன சேதி ஊத்தங்கரைக்காரி மூலம் எங்களுக்கு முன்பே வந்திருந்தது. "நேத்து பூ வெச்சுக்கினவளுக்கு இன்னிக்கு என்னா அழுகை?" என்றாள் ஒரு கிழவி, ஊருக்கே கேட்கிற மாதிரி. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. தம்பி மனைவி எழப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் பிடித்து உட்காரவைத்தாள்.  நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அண்ணன் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆண்கள் பெஞ்சில் அவருக்கு இடம் விட்டிருந்தார்கள். பெரியவர் ஒருவர், "இங்க வா, இப்படி உக்காரு" என்றார். அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. டாக்டர் சொன்ன மாதிரி அடி மேல் அடி வைத்து, ஆண்கள் போகாத அந்த இடத்துக்குப் போய், மதினிக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். நீட்டியிருந்த அந்தக் கைகளைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் தலையை அவர் தோளில் சாய்த்தார்.

"எங்கம்மாவுக்கு அழ எனக்கு ஆள் இவதான்" என்றார் யாரையும் பார்க்காமல்.

பிறகு வாய்விட்டு அழுதார். பந்தலில் மற்றவர்கள் அழுகையெல்லாம் நின்றுவிட்டது. நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். துடிப்பு வேகமாக, ரொம்ப வேகமாக இருந்தது. போதும் அண்ணே, நிறுத்துங்க என்று சொல்லத்தான் டாக்டர் என்னை அனுப்பியிருந்தார். மாத்திரை என் இன்னொரு கையில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.